ஞாயிற்றுக்கிழமை வலை

சனிக்கிழமை மாலை சந்தியாகு கற்பிட்டிக் களப்பில் வலை போட்டுவிட்டு வந்தான். மறுநாள் பூசைக்குப் போகும் வழியில் மனைவி மதலேனாள் கரையில் நின்றுவிட்டாள். வலையின் மிதப்புக் கட்டைகள் தாழ்ந்து தாழ்ந்து எழுந்தன.

“இஞ்ச பாருங்க, உள்ளுக்கு ஏதோ மூச்சுக்குத் தவிக்குது. அறுத்து விடுங்களேன்.”

“ஞாயித்துக்கிழமை வலையில கை வைக்கவோ? சாமியார் அறிஞ்சா நடுக்கோயில்ல முழங்காலில நிப்பாட்டுவார். நீயும் பாத்துச் சிரிப்பாய்!”

அவள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை வலைக்குள் ஓர் ஆவுளியா மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தது. அந்தக் கடற்பசுவின் முலையில் இன்னும் பால் கசிந்தது. குட்டியைக் காணவில்லை.

அந்த வலையை அவன் பிறகு கடலுக்குக் கொண்டுபோகவில்லை. வீட்டுக்குப் பின்னால் பூவரசில் தொங்கவிட்டான். மழையில்லாத மாதங்களிலும் திங்கட்கிழமைகளில் அது உப்புநீரில் நனைந்திருந்தது. மதலேனாள் தொட்டுப் பார்ப்பாள். மலேரியாக் காய்ச்சல் பரவிய வருடம் அவளும் போய்விட்டாள்.

அவளை அடக்கம் செய்தபின் வந்த ஞாயிறு, சந்தியாகு பூசைக்குப் போகவில்லை. கோயில் மணி அடித்ததும் வலை மெல்லக் கனத்துத் தாழ்ந்தது. கத்தியை எடுத்து அறுத்தான். எதுவும் விழவில்லை.

“அறுத்திட்டன், மதலேன்,” என்றான்.

அடுத்த ஞாயிறு வலையில் ஒரு கண்ணிகூட அறுந்திருக்கவில்லை. காற்றில்லாத மரத்தில் மிதப்புக் கட்டைகள் தாழ்ந்து தாழ்ந்து எழுந்துகொண்டிருந்தன.