சாப்பிட்டுட்டுப் போடு

சோதனைச்சாவடிக் காவலனுக்குக் காய்ச்சல். எதிரே கடை வைத்திருக்கும் தையல்காரியிடம் மாத்திரை இருக்கிறது. எப்படிக் கொடுப்பது என்பதுதான் விளங்கவில்லை. அவனுக்குத் தண்ணீர் கொடுத்த சலவைக்காரரை, உளவு சொன்னார் என்று போன மாதம் காட்டிலிருந்து துப்பாக்கியோடு வந்தவர்கள் கூட்டிப்போனார்கள், அவர் திரும்பவில்லை. அன்று முதல் அவனோடு யாரும் பேசுவதில்லை. மணல்மூட்டைகள் மேல் வெயில் அசையாமல் கிடக்கிறது. அவன் இருமல் மட்டும் தெருவைத் தாண்டி வருகிறது. அவனுடைய கிழிந்த சீருடைச் சட்டை அவள் மடியில் இருக்கிறது. சட்டைப்பையின் மூடி இரட்டைத் துணி. நடுவில் எதை வைத்தாலும் வெளியே தெரியாது. மாத்திரைகளை உள்ளே தள்ளி, இழுத்தால் பிரியும்படி நீளமாகத் தையல் ஓட்டுகிறாள். சட்டையை வாங்க அவன் வந்து நிற்கிறான். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார். அவள் சட்டையை அவன்மேல் வீசுகிறாள். "தொளதொளன்னு இருக்குன்னு மறுபடி வந்து நிக்காதே! வெறும் வயித்துல போட்டா அப்படித்தான் இருக்கும். சாப்பிட்டுட்டுப் போடு!"

"நல்லாக் குடுத்தீங்கக்கா!" என்று கடைக்காரர் சிரிக்கிறார். காவலனின் விரல் பைமூடியைத் தடவி, ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. "சரிக்கா," என்கிறான். மூட்டைகளுக்குப் பின்னால் தனியே உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறான். இந்தத் தெருவில் அவனிடம் பேச ஒரே வழி, திட்டுவதுதான். நாளையும் திட்ட வேண்டும் என்று ஒரு பொத்தானை அவள் தைக்காமல் விட்டிருக்கிறாள்.