கழுவி வைத்த கிண்ணம்

"கிண்ணம் காலியா இருந்துச்சே. லில்லி தின்னுடுச்சுன்னு நெனச்சு ஆறரைக்கே இன்சுலின் போட்டுட்டேன்," என்றார் இருதயராஜ்.

"அது நான் கழுவி வச்ச கிண்ணங்க. இன்னும் சோறே போடல," என்றாள் செலின்.

சர்க்கரை நோய் இருந்த பூனை லில்லி, வெறும் வயிற்றில் ஏறிய இன்சுலினால் தரையில் சரிந்து கிடந்தது. பின்னங்கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. ஈறில் கொஞ்சம் சர்க்கரை தடவினால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் இது சர்க்கரை நோயாளிகளின் குடியிருப்பு. ஒரு மிட்டாய்கூட வாசலைத் தாண்டி உள்ளே வராது. வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு பெட்டி உண்டு. அங்கே வசிப்பவரின் ரத்தச் சர்க்கரை அறுபதுக்குக் கீழே இறங்கினால் மட்டும் அது திறந்து ஒரு குளுக்கோஸ் பொட்டலம் தரும். அடுத்தது கால் மணி நேரம் கழித்துத்தான். பூனைக்கெல்லாம் அது திறக்காது.

செலின் தனக்கும் காலை இன்சுலினைப் போட்டிருந்தாள். ரத்தச் சர்க்கரையை அளக்கும் மணிக்கட்டுப் பட்டை எண்பது காட்டியது. தட்டிலிருந்த இட்லியைத் தள்ளி வைத்தாள்.

"என்ன பண்ணப் போற?"

"மாடிப்படி ஏறப் போறேன்."

"வேணாம் செலின். சொன்னாக் கேளு."

ஆறு மாடியை மூன்று முறை ஏறி இறங்கினாள். எழுபத்தொன்று. அறுபத்து நான்கு. வீட்டுக்குள் வரும்போது சேலை முதுகோடு ஒட்டியிருந்தது, கதவு இரண்டாகத் தெரிந்தது. ஐம்பத்தாறு. பெட்டி திறந்தது. இருதயராஜ் பொட்டலத்தை எடுத்தார்.

"லில்லிக்குங்க," என்றாள். "எனக்கு இட்லி போதும்." அதோடு கால் மடங்கியது.

கண் விழித்தபோது தலை அவர் மடியில் இருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு காலிப் பொட்டலம்; அதற்கு அப்பால் லில்லி அசையாமல் கிடந்தது. அவள் நாக்கில் இனிப்பு இருந்தது.