எட்டாவது உறை

"மூக்கைப் பொத்திக்கிட்டுப் பேசாதீங்கம்மா, அது வெறும் உறை..."

"உறையா? ஒழுகுது சார், பாருங்க!"

சற்குணத்தின் மேசையில் மஞ்சள் நீர் பரவியது. ஏழாவது மேசைக்காரி மரகதவல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கணினிகள் தங்களுக்குள் பேசும் முறையைப் பார்த்து குடிநீர் அலுவலகத்துக்கே விதி எழுதியவர் சற்குணம். ஏழு மேசை, ஏழு அடுக்கு; வந்ததைத் திறக்காமல், ஒவ்வோர் அடுக்கும் தன் உறைக்குள் போட்டு அடுத்ததற்குத் தள்ள வேண்டும். உள்ளே இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது.

"ஏழு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. எங்கேயும் பிழையில்லை."

"பிழையில்லாமத்தான் அழுகியிருக்கு. குடிதண்ணித் தொட்டியில மிதந்த எலி. சோதனைக்குன்னு கிளம்பிப் பதினோரு நாளாச்சு."

"எலின்னு எப்படித் தெரியும்? பிரிச்சீங்களா?"

"பிரிக்கணுமா? வாலு எட்டிப் பாக்குது."

அவர் முகம் சுளிக்காமல் பெரிய உறையொன்றை எடுத்தார். வாலை விரலால் உள்ளே தள்ளி ஒட்டினார். ஈரம் அதிலும் ஊறியது. முகவரி எழுதச் சொல்லி அவளிடம் நீட்டினார்.

"தொட்டியைப் பூட்டச் சொல்லி இன்னும் உத்தரவு போகலை சார். இன்னைக்குக் காலையிலயும் சனங்க குடம் குடமாப் பிடிச்சிட்டுப் போனாங்க. இதுல யார் பேரை எழுத?"