ஒரு பதிவு குறைகிறது

"இன்னிக்கும் இல்ல. நீ சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார் பத்து மணி சார். திரையில் புரோகிராம் கோப்பில் பாதியைக்கூட இன்னும் படித்து முடிக்கவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரி திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆறு வருடமாக இல்லை, இல்லை என்றே பார்த்து மனசு விட்டுப்போன மனிதர், முழுசாக ஓடி முடியட்டும் என்று எதற்குக் காத்திருப்பார்?

தினமும் பத்து மணிக்கு வீட்டுக்குப் பேசுவதால் அவருக்கு அலுவலகம் வைத்த பெயர்தான் பத்து மணி சார். காணாமல் போனவர்களின் பட்டியல் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாகவும், பிணவறைகளுக்கு இத்தனை வருடத்தில் வந்த, இன்னும் ஆள் தெரியாத உடல்களின் பட்டியல் இன்னொரு கோப்பாகவும் காலையில் வந்து சேரும். இரண்டையும் படித்து அங்க அடையாளம் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவர் எழுதிய புரோகிராம்.

முதல் பட்டியலில் அவருடைய ஒரே மகனும் இருந்தான். முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனவன். எதுவும் பொருந்தவில்லை என்றால் அவன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் அவர் மனைவி தட்டில் கை வைப்பாராம்.

மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அவர் இடத்துக்கு வந்தவள்தான் இவள். "நீங்க போனப்புறம் நான் தினமும் பாத்துச் சொல்றேன் சார்" என்று வந்த வாரமே வாக்குக் கொடுத்திருந்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலை, ஓய்வுக் காகிதங்களில் கையெழுத்துப் போட அவர் மாடிக்குப் போயிருந்தபோது புரோகிராம் மக்கர் செய்தது. எக்ஸ்எம்எல் ஒரு பிடிவாதப் பிறவி. எங்கோ ஒரு தகவலின் தொடக்கக் குறியான டேக்கைத் திறந்துவிட்டு மூட மறந்தால் போதும், மொத்தக் கோப்பையும் படிக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். எந்தப் பிணவறையிலோ எவரோ 'தழும்பு' என்று திறந்ததை மூடாமல் விட்டிருந்தார். அவள் அதை மூடிவிட்டு ஓட்டினாள்.

ஓடியது. ஆனால் பிணவறைக் கோப்பில் இருந்தவை 212 பதிவுகள். படித்ததாகச் சொன்னது 211. நேற்றையதைப் பார்த்தாள், போன மாதத்தைப் பார்த்தாள். எல்லா நாளும் ஒன்று குறைந்தது.

வரி வரியாகத் தேடினாள். நடுவில் ஒரு வரி, குறிப்பிட்ட ஒரு பதிவு எண் வந்தால் அந்தப் பதிவைப் படிக்காமல் தாண்டிப் போகச் சொன்னது. ஏன், எதற்கு என்று ஒரு விளக்கமும் இல்லை. அவர் எழுதிய பிறகு அந்தப் புரோகிராமில் பல பேர் கை வைத்திருந்தார்கள். எவனோ சோதனைக்கு எழுதி அழிக்க மறந்திருப்பான் என்று நினைத்து, அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

பொருந்தியவை: ஒன்று. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. நீலக் கட்டம் போட்ட சட்டை. மூன்றாவது பொத்தான் மட்டும் சிவப்பு. உடல் வந்த தேதி, அவன் முடி வெட்டப் போனதற்கு மறுநாள். யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் பத்து மணி சாரின் பெயர்.

எவனோ பொறுப்பில்லாமல் விட்டுப்போன ஒற்றை வரி, பெற்ற இருவரையும் ஆறு வருடம் வாசலையே பார்க்க வைத்திருக்கிறது. அந்தப் பாவியை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

அவர் இறங்கி வந்தார். அவள் திரையை அவர் பக்கம் திருப்பி, தான் எடுத்த வரி இருந்த இடத்தையும் பொருந்திய பதிவையும் தொட்டுக் காட்டினாள்.

பொத்தான் வரைக்கும் நிதானமாகப் படித்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி. போனை எடுத்தார்.

"இன்னிக்கும் இல்ல. நீ சாப்பிடு."

வைத்துவிட்டு, அவள் எடுத்த வரியை எடுத்த இடத்திலேயே திரும்ப அடித்தார். அதிலிருந்த பதினோரு இலக்கப் பதிவு எண்ணை எங்கும் பார்த்து அடிக்கவில்லை.

"நான் போனப்புறம் இதை எடுத்துடாதேம்மா."