திரும்பாத டப்பாக்கள்

கம்பெனிச் சுவரில் ஊரிலுள்ள எல்லாரும் ஒளிப்புள்ளிகளாக மிதந்துகொண்டிருந்தார்கள். ஒருவரிடம் காசில்லாமல் எதையாவது வாங்கி, அவருக்கே எதையாவது திருப்பிக் கொடுத்தால், இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே கோடு விழும். சரக்கு விற்கிறவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் கோடு விழுந்தவர்களுக்குக் கொள்முதல் பிரிவில் வேலை இல்லை.

கொள்முதல் அதிகாரி திலகவதியின் புள்ளி, ஏழு வருடமாக யாரோடும் கோடில்லாமல், கடற்கரையில் யாரோ விட்டுப்போன பலூன் போலத் தனியாக அலைந்தது.

ஞாயிறு மாலை எதிர்வீட்டு ரெஜினா கதவைத் தட்டினாள். அவள் தம்பிதான் கம்பெனிக்கு போல்ட் விற்கிறவன்.

"கோச்சுக்காதீங்க திலகா. வீட்ல ஒரு டப்பாகூட இல்ல. எல்லாம் உங்ககிட்டதான் இருக்கு."

அலமாரி நிறைய இருந்தன. கிறிஸ்துமஸ் கேக் வந்த டப்பாக்கள், மீன்குழம்பு வந்த கிண்ணங்கள், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வந்த தூக்கு. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரத் திலகவதிக்கு மனசு வரவில்லை. எதையாவது போட்டுத் தரவோ பயம்.

அந்திவெளிச்சம் தூக்கின் மேல் ஊர்ந்தது. திலகவதி அதை எடுத்து, ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டு நீட்டினாள்.

"ஐயோ, வேலை போயிடுமே!"

"பிடிங்கக்கா."

ரெஜினா வாங்கிக்கொண்டதும் போன் அடித்தது. கம்பெனிச் சுவரைக் கவனிக்கிற பையன்.

"மேடம், உங்க புள்ளியில ஒரு கோடு விழுந்திருக்கு. மெஷின் தப்பாத்தான் இருக்கும். அழிச்சிடவா?"

ரெஜினா தூக்கை நெஞ்சோடு அணைத்தபடி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அழிச்சிடாதீங்க," என்றாள் திலகவதி. "எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்."