கறை போன இடம்

தேநீரை நீட்டும்போது என் கை தடுமாறி, இயக்குநர் மேடத்தின் வெள்ளைப் பருத்திக் கோட்டில், முழங்கைக்குக் கீழே பழுப்பாக ஒரு கறை. எங்கள் கறைநீக்கும் பிரிவை மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அவர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? "நம்ம நொதியையே தெளிச்சுப் பார்க்கலாமே, மேடம்!"

"தெளி. எல்லாரும் பார்க்கட்டும்."

மரத்தை அரிக்கும் பூஞ்சையிலிருந்து எடுத்த புரதம் அது. அதன் அமைப்பை அங்கங்கே மாற்றி, கறையின் நிறத்தை வேகமாகப் போக்குவதை மட்டும் பொறுக்கி, அதை மறுபடி மாற்றி, தலைமுறை தலைமுறையாக வளர்த்திருந்தோம். பெற்ற பிள்ளையை நான் இத்தனை அக்கறையாக வளர்க்கவில்லை என்பது மனைவியின் புகார்.

கறைமேல் தெளித்தேன்; மேடம் கூட்டத்துக்கு உள்ளே போனார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று வீட்டில் வேறு அளந்துவிட்டிருந்தேன். நான் நடந்த நடையில் தாழ்வாரமே தேய்ந்திருக்கும்.

சாயங்காலம் கதவு திறந்தது. கறை இருந்த இடம் பளிச்சென்று வெள்ளை!

"ஜெயிச்சுட்டோமா, மேடம்?"

"முதல்ல தண்ணி குடி."

"பிரிவு இருக்கா, இல்லையா?"

"கொஞ்சம் மூச்சு விடுப்பா."

"என் வேலை, மேடம்?"

"இருக்கு. நாளையிலிருந்து பழந்துணியைக் கரைக்கிற பிரிவுல."

"அங்கே எதுக்கு? கறைதான் சுத்தமா போயிடுச்சே!"

மேடம் கையை நீட்டினார். "நிறம் போகுதான்னு மட்டும்தானே பார்த்துப் பார்த்து வளர்த்தீங்க? அது துணியையும் சேர்த்துத் தின்னுடுச்சு. நீ பார்க்கிற வெள்ளை, உள்ளே போட்டிருக்கிற என் பாலியஸ்டர் சட்டை."