படம் 6.2: உறிஞ்சு குழி

கடப்பாரையின் நுனி மூடிக்கு அடியில் நுழைந்தது. மாசிலாமணி தம் பிடித்து ஒரு முறை அழுத்தினார்.

சிலாப் எழும்பியது.

முதலில் கரப்பான்பூச்சிகள் வந்தன. பிறகு நாற்றம்.

அவள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். முறைப்படி பத்தடி ஆழம் இருக்க வேண்டும். அடியில் ஜல்லி, அதன் மேல் மணல்.

ஆழம் ஒரு சாண்தான் இருந்தது.

அதற்குக் கீழே வழவழவென்று பூசிய சிமெண்டுத் தரை. அதில் கறுத்துப்போன தண்ணீர், ஒரு ஷாம்பு பாக்கெட், செத்து ஊறிய எலி. ஒரு பக்கம் மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாய். எதிர்ப்பக்கம் தெருச் சாக்கடைக்குப் போகும் குழாய்.

இந்தக் கட்டடத்தின் மேல் பெய்த மழை ஒரு சொட்டுக்கூட மண்ணுக்குள் போனதில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். இங்கே இல்லாத பூசணிக்காயை மறைத்திருந்தார்கள்.

கழுத்தில் கேமரா கனத்தது.

மழைநீர்ச் சேமிப்பு பற்றி அவள் எழுதிய கையேட்டுக்கு இது நான்காம் பதிப்பு. பொறியியல் கல்லூரிகளில் பாடம். கட்டட அனுமதி தரும் அலுவலகங்களில் மேசைக்கு மேசை கிடக்கும். அதில் ஆறாம் அத்தியாயத்தில், பன்னிரண்டு வருடமாக, இந்த மூடியின் கறுப்பு வெள்ளைப் படம் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

படம் 6.2: முன்மாதிரி உறிஞ்சு குழி.

இந்த முறை வண்ணத்தில் போடலாம் என்றார்கள் பதிப்பகத்தில். மாலைக்குள் படம் வேண்டும். அதற்குத்தான் வந்தாள். சும்மா, ஒரு ஆசைக்கு, உள்ளேயும் ஒரு படம் எடுக்கலாமே என்று திறக்கச் சொன்னாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மூடிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சுற்றிலும் படிக்கோலம் போட்டிருந்தார்கள்.

"திறந்து காட்டட்டுமா மேடம்?" என்று பில்டர் கேட்டார். கேட்கத்தான் செய்தார்.

"வேண்டாம், கோலம் கலைஞ்சிடும்."

அவள்தான் சொன்னாள்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் வரதன் இரண்டடி தள்ளி, வாயைக் கோணிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், வாசலில், தண்ணீர் லாரி சம்ப்புத் தொட்டிக்குள் குழாயை விட்டிருந்தது. போர்வெல் உப்பாகி நாலு வருடமாகிறதாம். மழையே சரியில்லை என்று வரும்போதுதான் அவளிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"மூடிடுங்க மேடம், நாத்தம் எதுக்கு? கோலம் போட வீட்டுல சொல்லிருக்கேன். படம் அழகா வரும்."

அவருக்கு இது முன்பே தெரியும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு அறை விடலாம் போல இருந்தது.

மாசிலாமணி கடப்பாரையில் சாய்ந்து நின்றார். இப்போது இந்தக் குடியிருப்பில் பிளம்பர். முன்பு கொத்தனார்.

"இந்த ஏரியா ஃபுல்லா இப்படித்தாம்மா. உங்க புக்குல இருக்கிற படத்தக் காட்டித்தான் போடச் சொல்லுவாங்க. நானே நாப்பது போட்டிருப்பேன். மேல மூடி, மூடி மேல கோலம். ஆபீசருங்க பாத்துட்டுப் போய்டுவாங்க."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. வேலையைப் பற்றிச் சொல்கிற குரல்.

முதல் பதிப்பில் குறுக்குவெட்டு வரைபடம் ஒன்று இருந்தது. பத்தடி, ஜல்லி, மணல், எல்லாம் அளவோடு. அதைப் பார்த்துக் கட்டினால் ஏமாற்ற முடியாது. இரண்டாம் பதிப்பில் பக்கம் கூடிவிட்டது. படமா, வரைபடமா, ஏதாவது ஒன்றை எடுக்க வேண்டும் என்றார்கள்.

படம் அழகாக இருந்தது.

நாற்பது மூடிகள். இவர் ஒருவர் போட்டது மட்டும்.

 

வரதனின் மனைவி கோலமாவுக் கிண்ணத்தோடு படியிறங்கி வந்தாள். நாற்றம் பட்டதும் அங்கேயே நின்றாள். வரதன் மாசிலாமணிக்குக் கண் காட்டினார். மாசிலாமணி சிலாப்பின் விளிம்பைப் பிடித்தார்.

மூடினால் முடிந்தது. ஒருத்தருக்கும் தெரியாது. முப்பது வருடமாகச் சேர்த்த பெயர் அப்படியே இருக்கும்.

வேப்பமர நிழல் மூடியின் இடப்பக்கம் விழுந்தது. வலப்பக்கம் போய் நின்றால் வெளிச்சம் சரியாக இருக்கும், மஞ்சள் பூசினால் நன்றாக எடுக்கும்.

கண் அதற்குள் அளவெடுத்துவிட்டிருந்தது. கால்கூட ஒரு எட்டு நகர்ந்திருந்தது.

தன்னைப் பார்த்துத் தனக்கே இப்படிக் குமட்டியதில்லை.

"விடுங்க மாசிலாமணி."

தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தாள். குழியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கரப்பான் ஒன்று செருப்பின் மேல் ஏறியது. ஏறட்டும் என்று விட்டாள்.

எலி, ஷாம்பு பாக்கெட், சிமெண்டுத் தரை, இரண்டு குழாய்கள். விளிம்பில் அவள் செருப்பின் நுனி. ஒரே படம்தான் எடுத்தாள்.

"மேடம், பில்டிங் பேரு போடாதீங்க" என்றார் வரதன்.

"போடல. என் பேரைப் போடறேன்."

படத்தைக் கைபேசிக்கு மாற்றினாள். கீழே தட்டினாள். படம் 6.2: உறிஞ்சு குழி. இதற்கு முன்மாதிரி என்று சான்று தந்தவர், இந்நூலாசிரியர்.

அனுப்பினாள்.

வரதனின் மனைவி கிண்ணத்தோடு திரும்பி மேலே போனாள். வாசலில் லாரி காலியாகியிருந்தது; குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

பதிப்பகத்துப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது.

"மேடம், ஏதோ தவறான படம் வந்திருக்கிறது. இதில் குழியே இல்லையே?"

அவள் பதில் அனுப்பினாள்.

"ஆமாம்மா. அதையே போடு."